நிரல் மறந்த பசு

“உங்கம்மைய அந்தப் பெட்டி பல்லாங்குழியில செயிக்கட்டும். இல்லன்னா கம்ப்யூட்டர் வகுப்ப நிப்பாட்டிருவேன்ட்டி.” எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா சொன்னது. இன்று பக்கத்து வீட்டுத் தட்டில் புளியங்கொட்டைகள் கொட்டிய சத்தத்தில் அந்தக் குரல் திரும்ப வந்தது.

எந்தக் குழியில் தொடங்கினால் அதிகக் காய் கிடைக்கும் என்று கணக்கிட, பள்ளிக் கணினியில் நிரல் எழுதினேன். விடைகளை நோட்டில் குறித்துவந்து அம்மாவோடு ஆடினேன். தோற்றேன்.

பள்ளிக்கூடமே போகாத அம்மா, பீடி சுற்றிக் காய்த்த விரலால் ஒரு குழியைத் தொட்டாள்.

“நாலு காய் சேந்தா பசுல்லா. அத எடுக்கணும்னு பெட்டிக்குச் சொன்னியாட்டி?”

சொல்லவில்லை.

“நாளைக்கு மறுக்கா ஆடுதேம்ப்பா” என்றேன், பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம். மறுநாள் நிரலில் இரண்டு வரி சேர்த்தேன். சாயங்காலம் அம்மா தோற்றாள். அப்பா நோட்டைப் புரட்டிவிட்டு, “சரி, போ” என்றார்.

இப்போது எத்தனை குழி இருந்தாலும் என் நிரல் ஆடும். அதை அச்சிட்டு இணைத்து, கணித முதுகலைக்கான விண்ணப்பத்தைக் காலையிலேயே தபாலில் சேர்த்துவிட்டேன்.