வாலைப் பிடித்த சந்தியோகு

நெடுந்தீவுச் சந்தியோகுவுக்குக் கோபம் வந்தால் கடலே ஒரு முழம் பின்வாங்கும் என்பார்கள். எண்பத்து நாலாம் ஆண்டுக் கோடையில் அது நாலு முழம் போயிருக்க வேண்டும்.

அந்த ஆவணியில் தீவில் புல் என்ற சொல்லே மறந்துபோயிருந்தது. அவருடைய சிவலைப் பசு படுத்தது, எழும்பவில்லை. படுத்தபடி விட்டால் மாடு செத்துவிடும். அயல் கூடித்தான் தூக்கவேண்டும். இலட்சுமணனும் மூன்று பேரும் வயிற்றுக்குக் கீழே சாக்கைக் கொடுத்துத் தூக்க, சந்தியோகு வாலை முறுக்கிப் பல்லைக் கடித்து இழுத்தார். மாடு எழும்பியது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஜீவகாருண்ய சங்கத்துச் செல்வரத்தினம் அதைப் படம் பிடித்தார்.

அடுத்த மாதம் அந்தப் படம் இறங்குதுறைச் சுவரில் ஆளுயரத்துக்கு நின்றது. நாலு பேரையும் காணவில்லை, சாக்கையும் காணவில்லை. நாக்குத் தள்ளிய மாடு, வாலை முறுக்கும் சந்தியோகு. கீழே, ‘இவனும் மனிதனா?’

மடத்துச் சிஸ்டர்மார் அவருடைய மற்ற மாடுகளின் பாலையும் வேண்டாமென்று திருப்பியனுப்பினார்கள். மனைவி அன்னமுத்து பூசைக்குப் போவதை நிறுத்தினாள்.

“அண்ணை, உங்கடை முழியைப் பாத்தால் நானே பொலிசுக்குப் போயிடுவன்,” என்றான் இலட்சுமணன்.

“சிரியாதையடா! படத்திலை உன்ரை ரெண்டு கையையும் வெட்டிப்போட்டாங்கள், உனக்கு நோகேல்லையோ?”

ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தில் செல்வரத்தினம் இன்னொரு கட்டுப் படத்தோடு வந்து இறங்கினார். சந்தியோகு வழியை மறித்தார்.

“தம்பி, மற்ற நாலு பேரும் எங்கை?”

“படத்திலை இடம் காணாதண்ணை.”

“வானம் முழுக்கப் போட்டிருக்கிறீர், ஆக்களுக்கு இடமில்லையோ?”

செல்வரத்தினம் குரலைத் தணித்தார். “நாலு பேர் சேர்ந்து தூக்கிறதைப் பாத்து ஆர் அழுவினம்? அழுதால்தான் சனம் மாட்டுக்கு இரங்கும்.”

“மாட்டுக்கு இரங்க என்னைக் கொல்லவேணுமோ? டேய் இலட்சுமணன், சிவலையைக் கொண்டு வா!”

சிவலை தன் காலிலேயே நடந்து வந்தது. சுவரோரம், படத்துக்குப் பக்கத்தில், நாலு பேரும் அதே சாக்கைப் பிடித்தார்கள். சந்தியோகு வாலைப் பிடித்தார்.

“இப்ப எடும்!”

“பிலிம் முடிஞ்சுதண்ணை.”

“என்னை எடுக்கேக்கை இருந்தது!”

செல்வரத்தினம் கமராப் பையை மூடி வள்ளத்தில் ஏறினார். ஐந்து பேரும் பிடித்த பிடி விடாமல் நின்றார்கள். படம் ஒட்டிய கோதுமைமாப் பசை மணத்துக்குச் சிவலை மட்டும் கழுத்தை நீட்டிச் சுவரை நக்கியது. முதலில் கிழிந்து அதன் வாய்க்குள் போனது சந்தியோகுவின் முகம்.

“தின் பிள்ளை, தின்,” என்றார், பல்லைக் கடித்தபடி. “டவுனிலை இன்னும் எத்தினை சுவர் கிடக்கோ.”