ஒற்றைத் தொழில்காரர் இன்னாசி

ரூபி டீச்சர் போன் செய்தபோது நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். "இன்னாசி போயிட்டாரு தம்பி. தூக்கத்துலயே போயிட்டாராம்," என்றார். பாதி முகம் சோப்பு நுரையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு இன்னாசியைக் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் பழக்கம். சிலர் மாதா கோயில் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது வாள்வீரர் இன்னாசியைப் பற்றி. சிரிக்க வேண்டாம், முழுக்கக் கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நானும் அவரும் ஒரே ஆபீஸில் குமாஸ்தாக்கள். நான் ஆற்றங்கரை நெல்வயல்காரன். அவருடையது முத்துக்குளித்த குடும்பம். நம் பக்கத்து நாசரேத் ஊர்க்காரரான ரூபி டீச்சர் இங்கே பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தார். கப்பலில் வேலை பார்த்த அவர் தம்பி, அமெரிக்காவிலிருந்து ஒரு விளையாட்டின் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஆளுக்கொரு வீரனைக் காகிதத்தில் உருவாக்க வேண்டும். டீச்சர் குகை, பூதம், புதையல் என்று கதை சொல்லுவார். நம் ஆள் என்ன செய்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஞாயிறு மத்தியானம் டீச்சர் வீட்டு மேஜையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருக்க மாட்டோம்.

வீரனுக்கு ஒரு தொழில் வேண்டும். வாள், மந்திரம், வைத்தியம் என்று உண்டு. இரண்டை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கிடைக்கும் அனுபவம் பாதி பாதியாகப் பிரிந்துவிடும். நான் ஆசைப்பட்டு வாளும் மந்திரமும் எடுத்தேன். இன்னாசி வாளோடு நின்றுகொண்டார்.

"பூட்டுன கதவு வந்தா என்னவே செய்வீரு?" என்று கேட்டேன்.

"தொறக்கத்தான் நீரு கூட வாரீருல்லா. பெறவு எனக்கெதுக்கு மந்திரம்? பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டாம்வே."

அந்தப் பழமொழியை வாரம் தவறாமல் சொல்லுவார். நானும் விடவில்லை. என் ஆள் கதவைத் திறந்தான், நெருப்பை எறிந்தான். அவர் ஆள் முன்னால் நின்று அடி வாங்கினான். "உம்ம ஆளு வீரனா, மதில் சுவரா?" என்று கேலி செய்வேன். அவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

டீச்சருக்கு மதுரைக்கு மாற்றலானது. கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அன்று செத்தவன் செத்தவன்தான். மறுபிறப்புக்கு அடுத்த வாரம் கிடையாது. வெறும் காகித ஆள்தான், ஆனால் ஒன்றரை வருஷம் நான் வளர்த்த ஆள். அன்றைய கதையில் நீர் நிறைந்த ஒரு பாழுங்கிணறு. அடியில் மந்திரப் பூட்டுப் போட்ட பெட்டி. என் ஆள்தான் முங்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டியாயிற்று. இன்னாசியைப் பிடிக்கச் சொன்னேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "எங்கள்ல முத்துக்குளிக்க முங்குதவனுக்குக் கயிறு புடிக்கது மச்சான்தான். தங்கச்சி தாலி அதுல தொங்குதுன்னா எவனும் கைய விட மாட்டான். உம்ம ஆளு என் ஆளுக்கு என்ன முறை?"

ஒரு முறையும் இல்லை. அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், என் ஆளுக்கு ஒரு தங்கச்சி உண்டு. இவரு ஆளுக்குக் கெட்டிக் குடுத்தாச்சு. எழுதிக்கிடுங்க."

டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு விதியே இல்லை. சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். கல்யாணம் முடிந்தது, நான் முங்கினேன்.

மேலே இருட்டிலிருந்து பூதங்கள் வந்தன. "கயித்த விட்டா வாள உருவலாம். என்ன செய்யுதீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"கயிறு," என்றார் இன்னாசி.

அடி விழுந்தது. தீர்ந்தால் சாவு என்ற கணக்கில் இருந்த அவர் ஆளின் உயிர்ப்புள்ளிகளை டீச்சர் கழித்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் "கயிறு." அடியில் கிடந்த நான் பூட்டோடு பகடை உருட்டிக்கொண்டிருந்தேன்; ஒவ்வொரு முறையும் தவறியது. தலை நிமிர்ந்து பார்த்தேன். மேஜைமேல் அவர் இரண்டு கைகளும் இல்லாத ஒரு கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தன. அப்படி ஒரு பிடிவாதத்தை நான் அதற்கு முன் எந்த மனுஷனிடமும் பார்த்ததில்லை.

ஒருவழியாகப் பூட்டுத் திறந்தது. அவர் என்னை மேலே இழுத்துப் போட்டார். அடுத்த அடியில் அவர் ஆள் விழுந்தான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு தொழில் வச்சிருந்தா மூணாவது அடியிலயே முடிஞ்சிருப்பான். அனுபவம் முழுசையும் ஒண்ணுலயே போட்டதுனாலதான் இவ்வளவு தாங்கிட்டான்," என்றார்.

மறுநாள் ஆபீஸில் அவருக்கு நன்றி சொல்ல வெட்கமாக இருந்தது. அதை மறைக்கக் கேலியைத்தான் எடுத்தேன். "என்ன இருந்தாலும் ரெண்டு தொழில்காரன் பொழைச்சான், ஒரு தொழில்காரன் செத்தாம்லா?"

அவர் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. "நீரு மேல வந்தீரா இல்லயா?"

"வந்தேன்."

"அப்ப அவன் வேல முடிஞ்சுதுல்லா, மச்சான்."

இன்னாசிக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. எங்களுக்குச் சாதி வேறு, சாமி வேறு. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் நின்ற ஒருவர், நான் இறந்தவருக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார்.

மச்சான் என்றேன்.