மீன் போட்ட வைன்

சித்தப்பாவுக்கு வைன் பிடிக்காது. விருந்துகளில் யாராவது ஊற்றிக் கொடுத்தால் ஒரு வாய் குடித்துப் பார்த்து, கசாயம் குடித்த குழந்தைபோல முகத்தைச் சுளித்துவிட்டு, கிளாஸை ஏதாவதொரு பூச்சாடிக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, வீட்டிலேயே வைன் செய்யும் கிட் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மொன்றியலை ஒட்டிய டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்த எங்கள் வீட்டின் பேஸ்மென்ட்தான் அவருடைய அறை.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மச்சச் சாப்பாடு கிடையாது. சித்தப்பா யாழ்ப்பாணம் போய்ப் பதிவுத் திருமணம் முடித்துவிட்டு வந்திருந்தார். சட்டப்படி சித்தி எனக்குச் சித்தி ஆகிவிட்டார். தாலி கட்டுவது அவர் மொன்றியல் வந்த பிறகு. ஆனால் விசா இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வராமலே இருந்தது. பொறுத்துப் பார்த்த அம்மா முருகனுக்கு நேர்த்திக்கடன் வைத்தார். சித்தி எங்கள் வாசற்படியில் கால் வைக்கும்வரை மீனும் இறைச்சியும் வீட்டுக்குள் வரக் கூடாது.

அம்மாவின் நேர்த்தி வாசற்படிவரைதான். லொறி ஓட்டும் அப்பா நெடுஞ்சாலைக் கடைகளில் என்ன சாப்பிட்டார் என்று அம்மா ஒருநாளும் விசாரித்ததில்லை. வாயைக் கழுவிவிட்டு உள்ளே வந்தால் சரி. எனக்கு மதியச் சாப்பாடும் வீட்டிலிருந்தே போனதால் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. மீன்பொரியலைக் கனவில்தான் சாப்பிட்டேன்.

கிட்டைக் கண்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"தம்பி, இதுக்குள்ளை மச்சம் ஏதும் கிடக்கோ?"

"என்ன அண்ணி நீங்கள்! திராட்சைப்பழச் சாறுதானே. சுத்தச் சைவம். கலியாணத்துக்கு வாறவைக்குக் குடுப்பம்."

அம்மா சம்மதித்தார். குடி வேறு, மச்சம் வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் வைன் குடியேறியது. முதலில் ஒரு பெரிய வாளியில் கிடந்து நுரைத்தது. பிறகு, நான் குந்தினால் என் தோள்வரை வரும் ஒரு கண்ணாடிச் சாடிக்கு மாறி, வாயில் செருகிய குழாய் வழியாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் சித்தப்பா வேலையிலிருந்து வந்ததும் தபாற்பெட்டியைத் திறந்து பார்ப்பார். பிறகு யாரோடும் கதைக்காமல் கீழே இறங்கிவிடுவார். இப்போது சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ச் சாடியில் காதை வைத்துக் கேட்டார். கிட்டோடு வந்த விளக்கத்தாளை என்னிடம் தந்து வாசிக்கச் சொல்வார். எந்தக் கிழமையில் எதைச் செய்ய வேண்டும், எப்போது போத்தலில் அடைக்கலாம் என்று எல்லாம் அதில் அச்சடித்திருந்தது. மனப்பாடமான பிறகும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

கலங்கலைத் தெளிய வைக்கும் நாள் வந்தது. சித்தப்பா ஒரு சின்னப் பைக்கற்றை வெட்டிச் சாடிக்குள் ஊற்றிக் கலக்கினார். பைக்கற்றில் ஆங்கிலத்தில் இருந்த பெயர் அவருக்கு விளங்கவில்லை. ஏதோ மருந்து என்று விட்டுவிட்டார். நான் கீழே இருந்த பிரெஞ்சை வாசித்தேன். 'கோல் து புவாசோன்.' மீன் பசை.

"சித்தப்பா, இது மீன்."

"என்ன மீன்?"

"மீனிலை இருந்து செய்ததாம். பிரெஞ்சிலை போட்டிருக்கு."

இருவரும் பைக்கற்றை மாறி மாறி மணந்து பார்த்தோம். அதுவரை எதுவும் மணக்கவில்லை. இப்போது மீன்சந்தையே மணந்தது. சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"பிள்ளை, அம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்றார் மெதுவாக.

எப்படிச் சொல்வேன்? நேர்த்தி முறிந்துவிட்டது. இனிச் சித்திக்கு விசா வராது; சித்தப்பா சாகும்வரை தனியாக இந்த மெஷினுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடப்பார். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஓடவில்லை. பூசை அறைப் பக்கம் போனால் முருகனை நேரே பார்க்காமல் அவர் கையிலுள்ள வேலை மட்டும் பார்த்துக் கும்பிட்டேன். அம்மாவுக்குத் தெரியவராது என்பதே ஒரேயொரு ஆறுதல். அம்மா அப்போதுதான் காலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தார். மாலையில் அவருடைய உச்சரிப்பைத் திருத்திச் சிரிப்பது என் வேலை. வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நம்பியிருந்தேன்.

வழி கண்டுபிடித்ததும் நான்தான். அப்பாவின் மீன் வாசற்படிக்கு வெளியே நிற்கிறதென்றால் வைனும் வெளியே போகட்டுமே. சித்தப்பாவோடு வேலை செய்யும் நண்பர் ஒருவரின் சென்ட் லோரன்ட் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. சாடியைக் காரின் பின்சீட்டில் இருத்தி, பெல்ற் போட்டு, பக்கத்தில் நான் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தேன். அம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

"எங்கை கொண்டு போறியள்?"

"கீழை குளிர் கூடிப்போச்சு அண்ணி" என்றார் சித்தப்பா, ஹீற்றர் அனலாய் அடிக்கும் வீட்டின் முன்னால் நின்றுகொண்டு.

அம்மா உள்ளே போய் ஒரு போர்வை கொண்டுவந்தார். சாடியைக் கழுத்துவரை போர்த்திவிட்டார்.

"குலுக்காமல் கொண்டு போங்கோ. அடியிலை படிஞ்சது கலங்கிப்போடும்."

அன்றிலிருந்து சித்தப்பா வேலை முடிந்து சென்ட் லோரன்ட் போய் வைனைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். போத்தலில் அடைத்த பிறகும் சில மாதம் கிடந்தால் ருசி கூடும் என்று விளக்கத்தாள் சொன்னது. அதற்கும் அவர் பொறுமையாக ஒத்துக்கொண்டார்.

பனி உருகும் காலத்தில் ஒரு காலை சித்தி தொலைபேசியில் அழைத்தார். ஒரு காலில் சப்பாத்தோடு படியில் இருந்த சித்தப்பா, "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வந்திட்டுது பிள்ளை, வந்திட்டுது" என்று அழுதார். அப்பாடா! என் நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிய மாதிரி இருந்தது. மீனை வெளியேற்றியதற்கு முருகன் கைமேல் பலன் கொடுத்துவிட்டார் என்று, பைக்கற்றை வாசித்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சாமிப்படத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

கோடையில் சித்தி வந்தார். ஆரத்தி எடுத்து முடிந்து அவர் வாசற்படியில் கால் வைத்ததுதான் தாமதம், அம்மா அடுப்பில் மீன் பொரிக்கத் தொடங்கிவிட்டார். சித்தப்பா போத்தல்களைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தார். சித்தியின் முன்னால் முகம் சுளிக்க முடியாமல் அவர் ஒரு கிளாஸ் முழுவதையும் குடித்துத் தீர்த்தார். அம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"மீன் போட்ட வைனுக்கு மீன்பொரியல் நல்லாத்தான் இருக்கு."

நானும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"அண்ணி... உங்களுக்கு..."

"குப்பை வாளியிலை பைக்கற் கிடந்தது. வகுப்பிலை எங்களுக்கு முதல் படிப்பிச்சதே சாப்பாட்டுச் சாமான்தான்" என்றார் அம்மா. சித்தி எதுவும் விளங்காமல் சிரித்தார்.

பிறகு பாத்திரம் கழுவும்போது அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப ஏனம்மா எங்களிட்டைச் சொல்லேல்லை?"

"முருகனிட்டைச் சொல்லிப்போட்டன், அவருக்கு விளங்கினது. சித்தப்பாட்டைச் சொன்னால் எல்லாத்தையும் கொண்டுபோய் ஊத்திப்போடுவார். பேந்து விசா வருமட்டும் அந்த மனுசன் என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?"

பேஸ்மென்ட்டில் அவ்வளவு பெரிய டீவி இருந்ததே, அதைப் பார்க்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.