மாடு என்று எழுதினேன்

ஒரு கிரயப் பத்திரத்தில் ‘மாடு’ என்று எழுதினேன். அதில் எழுத்துப் பிழை இல்லை, பொய்யும் இல்லை. அந்தச் சொல்லால் பின்னால் என்ன செய்யலாம் என்று தெரிந்தே எழுதினேன் என்பதுதான் குற்றம். சம்பந்தப்பட்டவர்களில் இன்று மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். நானும் சொல்லாமல் போய்விட்டால், நான் நியாயமாக நடந்தவன் என்றே என் பேரன்கள் நினைத்துக்கொள்வார்கள்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம். பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடந்தால் வத்தல்மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். சேலத்தில் இரண்டு வருஷம் காலேஜில் படித்தேன். அப்பா இறந்ததால் படிப்பை விட்டுவிட்டு வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

ரோட்டை ஒட்டிக் கிணற்றோடு எங்கள் தோட்டம். அதற்குப் பின்னால் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், அதைப் பின்காடு என்போம். பின்காட்டுக்கு வடக்கே ரிசர்வ் காட்டின் எல்லைக்கல். மாடு அதைத் தாண்டினால் காட்டிலாகா கார்டு பிடித்துப் பட்டியில் அடைத்து அபராதம் போட்டுவிடுவார். மேற்கே ஆள் உயரத்துக்குச் செங்குத்தான ஓடைக்கரை. கிழக்கே எங்கள் பங்காளி ஒருவரின் நிலம். அவர் முள்வேலி போட்டிருந்தார், எங்களோடு பேச்சும் இல்லை. ஆகவே பின்காட்டுக்குள் போக ஒரே வழி, எங்கள் தோட்டத்தின் மேற்கு ஓரமாகக் கிணற்றைத் தாண்டிப் போகும் தடம்தான்.

ஆள் வைத்து அதை உழுவது கட்டுப்படியாகவில்லை. விற்றுவிடலாம் என்று நினைத்தேன். உள்ளே போக அடுத்தவன் நிலத்தை மிதிக்க வேண்டிய காட்டை ஊரில் யாரும் வாங்க முன்வரவில்லை. கடைசியில் கேட்டு வந்தவர் ஒரு மலைக்காரர்.

ஐம்பது வயது இருக்கும். புளியும் கடுக்காயும் சாமையும் தலைச்சுமையாக இறக்கிச் சந்தையில் விற்றுவிட்டுப் போகிறவர். மலையில் அவருடைய துண்டு, பாறைகளுக்கு நடுவே சரிவில் இருந்தது. அங்கே ஏர் நிற்காது. கல்யாணமான நாளிலிருந்து அவரும் மனைவியும் கொத்தால் கொத்தியே விதைத்து வந்தார்கள். குனிந்தும் குத்துக்காலிட்டும் கொத்திக் கொத்தி அந்த அம்மாளுக்கு முழங்கால்கள் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. சமதரையில் மூன்று ஏக்கர் வாங்கி, ஏர் கட்டி உழுது, இனி மனைவி கையில் கொத்து இல்லாமல் செய்துவிட வேண்டும் என்பதே அவருக்கிருந்த ஒரே ஆசை. அதற்காகவே இரண்டு காளைக் கன்றுகளை வளர்த்துப் பழக்கியிருந்தார். இரண்டும் சேர்ந்தே வளர்ந்தவை. இடத்தை மாட்டுக்கு, அதாவது இடப்பக்கம் கட்டும் மாட்டுக்கு, கன்றாக இருந்தபோது முள் குத்தி வலது கண்ணில் பூ விழுந்து பார்வை போயிருந்தது. அந்தப் பக்கம் ஜோடி மாடு இருந்ததால் அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பேரத்துக்காக நான்கு தடவை மலையிறங்கி வந்தார். விலை இரண்டாம் தடவையிலேயே முடிந்தது. மீதி இரண்டும் தடத்துக்காக. அவர் விலையில் காட்டிய கண்டிப்பைவிடத் தடத்தில் காட்டிய கண்டிப்பு அதிகம். நான்காம் தடவை தோளில் ஒரு நுகத்தடியோடு வந்தார். நேரே போய்த் தடத்தின் குறுக்கே அதைக் கிடத்தினார். ஒரு முனை மேற்கு வரப்பைத் தொட்டது, மறுமுனை என் கடலைக்கொல்லைக்குள் இரண்டு உழவுசால் தூரம் போயிற்று.

“இது போனாப் போதுங்க சின்னவரே. வண்டியெல்லாம் நான் கேக்கல. வண்டி வாங்கற அன்னிக்கு ஒங்ககிட்ட வந்து நின்னு கேட்டுக்கறேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றேன். அந்த இரண்டு சாலையும் விட்டுக்கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். நுகத்தடியின் முனை இருந்த இடத்தில் அவர் ஒரு கல்லை நட்டார்.

தருமபுரியில் பத்திரம் எழுதினோம். நான் படித்தவன் என்பதால் வரைவை நானே எழுதி எடுத்துப் போயிருந்தேன். பத்திர எழுத்தர் அதைப் பார்த்து முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு வந்தார். ‘மேற்படி நிலத்துக்கு ஆளும் மாடும் போய்வரத் தட பாத்தியம்’ என்று வழி உரிமையைச் சொல்லும் இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“ஏர்மாடுன்னு போட்டுடலாங்களா? அகலமும் ஒரு வார்த்தை எழுதிட்டா நல்லதுங்க.”

“மாடுன்னா மாடுதான். அது போதும்” என்றேன்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழாசிரியர் பால்பகா அஃறிணைப் பெயர் என்று ஒரு பாடம் நடத்தினார். மாடு மேய்ந்தது என்றால் ஒன்று, மாடு மேய்ந்தன என்றால் பல. பெயரை மட்டும் வைத்து ஒன்றா பலவா என்று சொல்ல முடியாது. அந்தப் பாடத்தில் நான் நல்ல மார்க்கு வாங்கினவன். ‘போய்வர’ என்ற சொல்லிலும் எண்ணிக்கை இல்லை என்பதைக்கூடக் கவனித்துத்தான் எழுதினேன். அன்றைக்கே அவரைக் கெடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது என்று சொல்ல மாட்டேன். என் நிலத்தின் ஓரத்தைக் கல் நட்டுக் கொடுத்துவிட மனம் வரவில்லை. எப்போதாவது வேண்டியிருந்தால் எடுத்துக்கொள்ள ஒரு சந்து இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பத்திரத்தை வாசித்துக் காட்டியபோது மலைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “மாடுன்னு இருக்குதுங்களா?” இருக்கிறது என்றோம். “அப்பச் சரிங்க” என்று கைநாட்டு வைத்தார். அவர் பேச்சில் மாடு கட்டுவது, மாடு ஓட்டுவது, மாடு பூட்டுவது எல்லாமே ஜோடிதான். ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால்தான் ஒத்தமாடு என்பார்.

இரண்டு வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. நுகத்தில் கலப்பையைத் தொங்கவிட்டு, ஜோடியை ஓட்டிக்கொண்டு காலையில் எங்கள் கிணற்றைத் தாண்டிப் போவார். பின்காட்டிலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். காட்டோரம் சிறுத்தை நடமாட்டம் இருந்ததால் மாடுகளை மட்டும் இரவில் ஊருக்குள் கட்டினார். கேழ்வரகும் கொள்ளும் எங்கள் காலத்தில் விளையாத அளவுக்கு விளைந்தன. அந்த அம்மாள் குடிசை நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து ஆமணக்கு உடைத்துக்கொண்டிருப்பார். தடத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

அதற்குள் யுத்தம் வந்திருந்தது. கடலை விலை ஏறிற்று. கிணற்றை ஆழப்படுத்தி ஜோடி மாடு பூட்டி நீர் இழுக்கும் கவலை ஏற்றம் போட்டு இறைத்தால் தோட்டம் முழுவதும் கடலை போடலாம் என்று கணக்குப் போட்டேன். கவலைக்கு மாடுகள் இறங்கி இழுக்க நீளமாகச் சரிவு வெட்ட வேண்டும். கிணற்றுக்குக் கிழக்கே வெட்டினால் நான் வைத்திருந்த ஆறு தென்னங்கன்றுகள் போகும். மேற்கே வெட்டினால் தடத்தில் பாதி போகும். மேற்கே வெட்டினேன். அவர் நட்ட கல் பள்ளத்துக்குள் போயிற்று. மேற்கு வரப்புக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு மாடு போகும் அகலத்துக்கு வழி விட்டேன். சரியாக ஒரு மாடு. அதை அளந்துதான் விட்டேன்.

மறுநாள் ஏரோடு வந்து நின்றவர் பள்ளத்தையும் என்னையும் பார்த்தார்.

“ஏர் போவ வேணாமுங்களா சின்னவரே?”

“பத்திரத்துல ஏர்ன்னு இல்லீங்களே. மாடுன்னுதானே இருக்குது. ஒண்ணொண்ணா ஓட்டிட்டுப் போங்க.”

அவர் சண்டைக்கு வரவில்லை. நுகத்தை அவிழ்த்தார். கலப்பையைத் தோளில் சுமந்து உள்ளே வைத்துவிட்டு வந்து, வலத்தை மாட்டை ஓட்டினார். அது போயிற்று. இடத்தை மாடு நகரவில்லை. கண் தெரியாத வலப்பக்கத்தில் ஜோடி இல்லை, பள்ளம் இருந்தது. கால் வைத்தால் மண் சரிவது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அது நடுங்கியது. பக்கத்தில் ஆள் நடக்கவும் இடமில்லை. மூன்று நாள் முயன்றார். முன்னால் நின்று கயிற்றைப் பிடித்தார், தவிடு காட்டினார், கண்ணைத் துணியால் கட்டினார். மூன்றாம் நாள் அதன் முன்னங்கால் பள்ளத்தில் வழுக்கி முழங்கால் சிராய்த்தது. துணியை அவிழ்த்துவிட்டு மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்.

ஊரில் நாலு பெரியவர்களிடம் சொன்னார். அவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் பத்திரத்தை எடுத்துப் போய் வாசித்தேன். எழுதினபடிதானே என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். ஒருவர் மட்டும் எழுந்து போகும்போது, “சேலம் வரைக்கும் போயிப் படிச்சும் பையனுக்கு மாடு ஒண்ணா ரெண்டான்னு தெரியலியே” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் மலைக்காரர் கூலி ஏர் கேட்டுப் பார்த்தார். கவலைப் பள்ளத்தின் ஓரமாகத் தன் மாட்டை அனுப்ப யாருக்கும் மனமில்லை. மூன்று ஏக்கரையும் அவரும் அந்த அம்மாளும் கொத்தால் கொத்தினார்கள். அந்த அம்மாளுக்குக் குனியவோ குத்துக்காலிடவோ முடியாது. காலை நீட்டித் தரையிலேயே உட்கார்ந்து, முன்னால் எட்டின மட்டும் கொத்திவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி உடம்பை நகர்த்தி, அடுத்த முழத்தைக் கொத்துவார். நான் கவலை ஓட்டும் இடத்திலிருந்து இது நன்றாகத் தெரியும். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. எது பழகியது என்பதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இவர்களால் எத்தனை நாள் தாங்கும், விற்றுவிட்டு மலைக்குத்தான் போவார்கள், என்னைத் தவிர வாங்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபடி மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போகவில்லை. மூன்று போகம் இப்படிப் போயிற்று. நடுவில் வலத்தை மாட்டைச் சந்தையில் விற்றார். தனியாக நிற்கும் மாட்டுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. ஒற்றைக் கண் மாட்டை வாங்க ஆளில்லை, அதனால் அது தங்கிவிட்டது.

மூன்றாம் போகம் முடிந்த கோடையில் எங்கள் கவலை மாடுகளில் ஒன்று கோமாரி வந்து குளம்பு வெடித்துப் படுத்துக்கொண்டது. கடலை பூப்பிடிக்கும் சமயம், நான்கு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும். இரவல் கேட்டு ஊரெல்லாம் அலைந்தேன். கோமாரி வந்த வீட்டுக்கு யார் மாடு தருவார்கள். வெறுங்கையோடு வந்து, என்ன செய்வது என்றே தெரியவில்லை என்று என் மனைவியிடம் புலம்பினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“அதான் நம்ம ஜோடியில ஒண்ணு நல்லா நிக்குதே, அதை வச்சு எறைங்க. மாடுன்னா மாடுதானே.”

பத்திர ஆபீஸில் நான் சொன்னது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்திருந்தது. மூன்று வருஷமாக அவள் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை, என்னோடு கவலைப் பக்கம் வந்ததும் இல்லை. அன்றுதான் அது எனக்கு உறைத்தது. மத்தியானம் சாப்பாடு வைத்தபோது, “பின்காட்டு அம்மாவைப் பாத்தீங்களா? கையெல்லாம் காப்புக் காச்சிப் போச்சு. காலுல இல்லீங்க, ஊனி நகர்ற கையில” என்றாள். நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

கடலையில் பாதி கருகியது. அறுவடை முடிந்ததும் மேற்குப் பள்ளத்தைத் தூர்த்தேன். தென்னங்கன்றுகளைப் பிடுங்கிவிட்டுக் கிழக்கே சரிவு வெட்டினேன். பள்ளத்தில் புதைந்த அவருடைய கல் கிடைக்கவில்லை. அவரைக் கூப்பிட்டு, அகலத்தை நீங்களே வையுங்கள் என்றேன். அவர் குடிசைக்குப் போய் அந்த நுகத்தடியை எடுத்து வந்து கிடத்தினார். கறையான் ஒரு முனையை அரித்திருந்தது. அரித்த இடத்தையும் சேர்த்து அளந்து கல் நட்டேன்.

தருமபுரிக்குப் போய்ப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதினோம். ‘ஏர்மாடு இரண்டும் நுகத்தில் பூட்டியபடி சேர்ந்து போய்வர’ என்று எழுதி, அகலத்தையும் முழத்தில் போட்டேன். அதே எழுத்தர்தான். முன்பு எழுதியதில் பிழை என்ன என்று ஒரு வரி காரணம் எழுத வேண்டும் என்றார். கைத்தவறுதலால் விடுபட்டது என்று எழுதச் சொன்னேன். அந்தப் பொய்யும் இன்றுவரை அந்தத் தாளில் இருக்கிறது.

வாசித்துக் காட்டி முடித்ததும் மலைக்காரர் என் பக்கம் திரும்பினார். “ரெண்டுன்னு இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

“எழுத்துல போட்டிருக்குதா, நெம்பர்ல போட்டிருக்குதா?”

“ரெண்டுலயும் போட்டிருக்குதுங்க.”

எழுத்தர் சிரித்துவிட்டார். மலைக்காரர் சிரிக்கவில்லை. மை தொட்டு விரலை வைத்தார்.

திரும்பும்போது ரயிலில், குளம்பு ஆறிய என் மாட்டை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன், ஜோடி சேர்த்துக்கொள்ளட்டும் என்றேன். பொம்மிடியில் இறங்கின பிறகு, “ஒங்க மாடு வேணாமுங்க சின்னவரே. தடம் போதும்” என்றார்.

மறுநாள் காலையில் ஒற்றைக் கண் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு என்று சொல்வது சரியில்லை. விற்றுப்போன மாடு நடக்க வேண்டிய வலப்பக்கத்தில், அதன் தோளோடு தன் தோளை ஒட்டி அவரே நடந்து வந்தார். தூர்த்த பள்ளத்தின் பக்கம் வந்ததும் மாடு நின்றது. அவரும் நின்றார். அதட்டவில்லை. நான் கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். குடிசைப் பக்கம் அந்த அம்மாள் கொத்தைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து மாடு ஒரு கால் எடுத்து வைத்தது.