கிண்ணத்தில் வைத்தால் சாப்பிடாத கிளி

ஷமீமா அக்கா போய்விட்டார்.

தூக்கத்திலேயே... நெஞ்சு வலிக்கிறது என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலம், "ஏட்டி, கிளவுஸ் பெட்டி காலியானா தூக்கிப் போட்டுராத, எடுத்து வை" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறியவர்.

தென்காசியில் குற்றாலம் ரோட்டில் இருக்கும் எங்கள் லேபுக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். முன்னால் பில் போடும் கவுண்டரில் முக்காடு போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே ஊசி குத்துகிறவள்.

அக்கா வீட்டில் ஒரு சன் கான்யூர் கிளி. உடம்பெல்லாம் மஞ்சள், பெயர் லட்டு. சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் அவர் கணவர் காதர் அண்ணன், ஒரு லீவில் வந்தபோது, 'தனியா இருக்காளே' என்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது.

கொஞ்ச நாளில் அது தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. வியாதி ஒன்றும் இல்லை, சும்மாவே இருப்பதால் வருகிற சலிப்பு என்றார் டாக்டர்.

"சரியாத்தான சொல்லுதாரு? வச்ச ஒடனே கிண்ணம் காலி. அப்புறம் பொழுதுக்கும் அது என்ன செய்யும், பாவம்?" என்றார் அக்கா.

அதோடு கிண்ணத்தில் வைப்பதையே நிறுத்திவிட்டார். வேர்க்கடலையைக் காகிதத்தில் முறுக்கி, விதையைச் சிரட்டைக்குள் போட்டுத் தேங்காய் நாரால் அடைத்து, கொய்யாத் துண்டை அட்டைப் பெட்டிக்குள் ஒளித்து... கூண்டு பார்க்கப் பழைய பேப்பர் கடை மாதிரி இருக்கும். ஆனால் இறகு முளைத்துவிட்டது! தேடித் தின்னப் பழகியபிறகு, கிண்ணத்தில் எதை வைத்தாலும் அது தொடுவதில்லை.

சீசன் நேரத்தில் வேலை முடிந்ததும் என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். குளிக்க இல்லை... மக்காச்சோள வண்டிகளில் உரித்துப் போட்ட தோலைப் பொறுக்க!

"மாடு எத்தன நிக்கும்மா?" என்று ஒரு வண்டிக்கார ஆச்சி கேட்டார்.

"மாடு இல்ல ஆச்சி, கிளி."

"ஒரு கிளிக்கா இம்புட்டு?"

சாரலில் நனைந்துகொண்டு நிற்கிற கூட்டம் மொத்தமும் எங்களையே பார்க்கிறது. நான் யாரோ போல நாலு அடி தள்ளி நின்றேன். விட்டாரா? "ஏட்டி, அங்கன என்ன வேடிக்க? பைய விரிச்சுப் பிடி!" என்று ஒரு சத்தம். மானம் போச்சு.

இன்னொரு நாள் கவுண்டரில் இருந்தபடியே போனில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "லட்டு தின்னாச்சா? எத்தன தின்னுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே, வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வந்த வடகரைக்கார அண்ணாச்சி. அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணே ஒண்ணுதாம்மா... வளைகாப்பு வீட்டுல கையில திணிச்சுட்டாவ" என்றார்.

சிரித்துச் சிரித்து அன்றைக்கு அக்காவால் பில்லே போட முடியவில்லை.

நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காதர் அண்ணன் திருவனந்தபுரத்தில் இறங்கி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. முகத்தைக் கடைசியாகப் போனில்தான் பார்த்தாராம்.

என்னைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது கிளியைப் பற்றித்தான். "வந்ததுல இருந்து பாக்கேன், ஒரு மணி தீனி தொடலம்மா. இதுவும் போயிட்டுன்னா நான் என்ன செய்வேன்..."

போய்ப் பார்த்தேன். கூண்டு பளபளவென்று இருந்தது.

துக்கம் கேட்க ஆட்கள் வருவார்களே என்று அண்ணனின் தங்கை கழுவிச் சுத்தம் செய்திருக்கிறார். "மைனிக்கு ஒடம்புக்கு முடியலபோல, ஒரே குப்பை. எல்லாத்தையும் அள்ளிப் போட்டுட்டேன். வாயில்லாச் சீவன், பட்டினி கிடக்கக் கூடாதுன்னு நிறைய வச்சிருக்கேன்" என்றார். கிண்ணம் நிறைய விதையும் மாதுளையும். லட்டு இறகை உப்பிக்கொண்டு ஒரு மூலையில்.

எனக்கு வந்த ஆத்திரம்... ஆனால் யாரிடம் காட்ட? அவர் நல்லது நினைத்துச் செய்தது.

யாரோ பழம் வாங்கி வந்த காகிதப் பையைக் கிழித்து, ஒரு வேர்க்கடலையை வைத்து முறுக்கினேன். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கினார். கம்பிக்கு இடையில் செருகி வைத்தோம். வெகுநேரம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம் மெல்ல நகர்ந்து வந்தது. ஒரு பொட்டலத்தை இழுத்துக் காலில் பிடித்துக்கொண்டு, டர்ரென்று ஒரு கிழி.

"அப்பாடா... தேடுதான்!" என்றேன் நான்.

அண்ணன் சட்டென்று திரும்பினார். "என்னம்மா சொன்ன?"

"அக்கா இப்படித்தாம்ணே சொல்லுவாவ. இவன் தீனியக் கிளறி எடுத்துட்டு இருந்தான்னா, 'தேடுதான்'னு."

அவர் கூண்டுப் பக்கம் திரும்பினார்.

"போன்ல லட்டு என்ன செய்யுதான்னு கேட்டா, 'தேடுதான் மச்சான்'ம்பா. எத்தன வருசம்... என்னையத்தான் தேடுதான்னு நெனச்சுட்டு இருந்தேம்மா."

நான் இன்னொரு கடலையை எடுத்து முறுக்கினேன்.

"சில நேரம், 'நானுந்தான் தேடுதேன்'னு சொல்லுவா" என்றார். "அது?"

"அது உங்களத்தாம்ணே."

அவர் குனிந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். கண்ணீர் மறைக்க, கடலை கீழே விழுந்துகொண்டே இருந்தது.

போயிட்டு வாங்கக்கா. லட்டு சாப்பிட்டான்.