துணி ஆடினால் கதவு திறக்கும்

பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரம்மா வீட்டுக்கு அழைப்பு மணி கிடையாது. கதவில் தொங்கும் கயிற்றை இழுத்தால் சமையலறையில் ஒரு சிவப்புத் துணி ஆடும். அதைப் பார்த்துத்தான் வந்து திறப்பாள். 'ஊமை வீடு' என்று நான்கூடக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

முன்பு ஒருநாள் காலை, அவளுடைய பெரிய மகளைப் பரீட்சைக்கு எழுப்ப வைத்த அலாரம் அடித்தது. திடுக்கிட்டு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். போய்விட்டாள். இதயத்தின் செல்களில் உப்புச்சத்து போய்வர நுண்ணிய வாசல்கள் உண்டாம். அதில் ஒன்று பிறவியிலேயே கோளாறாக இருந்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் தாமதமாகத்தான் அடுத்ததற்குத் தயாராகும். அந்த நேரம் பார்த்துத் திடீர்ச் சத்தம் கேட்டால் துடிப்பே தாறுமாறாகிவிடலாம். சின்னவளுக்கும் அது இருந்தது. தாயிடமிருந்து வந்தது என்று டாக்டர் சொன்னபோது நானும் கூட இருந்தேன்.

"சரிங்க" என்றாள் இஸ்திரிக்காரம்மா. அவ்வளவுதான். அழவில்லை.

அதற்குப் பிறகு கடைக்குப் போனாள், துணி தேய்த்தாள், வந்தாள். பேச்சுக் கொடுத்தால் குனிந்த தலை நிமிராமல் "ம்" என்பாள். காலையில் சின்னவளின் கால் பெருவிரலை மெல்ல அழுத்தி எழுப்புவாள். வேறு எதிலும் அவளுக்குப் பிடிப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போய் முதல் விடுமுறைக்கு வந்த அன்று அந்த வீட்டில் கூச்சல் கேட்டது. பதறிப்போய் ஓடினேன். அவள் கையில் தாயின் போன்.

"போன் சத்தத்தை முழுசா வெச்சு தலையணைக்கு அடியில வெச்சிருக்கா, அத்தை! உனக்கும் இதே கோளாறுதானேம்மா, அறிவிருக்கா?"

"ராத்திரி உனக்கு ஏதாவதுன்னா கூப்பிடுவாங்க. எனக்குக் கேக்க வேணாமா?" சட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. டாக்டர் சொன்ன அன்றும் நாங்கள் எல்லோரும் சின்னவளைத்தான் பார்த்தோம். இவளைப் பார்க்கவே தோன்றவில்லை.

மறுநாள் காலை தேய்த்த துணியை வாங்கப் போய்க் கயிற்றை இழுத்தேன். சின்னவள் திறந்து, உதட்டில் விரல் வைத்தாள். உள்ளே தாய் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் அவள் காலடியில் உட்கார்ந்து பெருவிரலை மெல்ல அழுத்தினாள்.

"பெரியவளா?" என்றாள் இஸ்திரிக்காரம்மா, கண்ணைத் திறக்காமலே.

"சின்னவதாம்மா. எழுந்திரு, மாத்திரை போடணும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அப்புறம் அழுதாள்.