தானாகக் குளிரும் கட்டடம்

எங்கள் அலுவலகத்தில் ஏசி கிடையாது. தடித்த சுவர், ஜன்னல்களுக்கு மேல் நீண்ட சன்ஷேடு, சூடான காற்று மேலேறி வெளியேற மாடிப்படி உச்சியில் ஒரு திறப்பு, அவ்வளவுதான். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் உள்ளே சட்டை முதுகில் ஒட்டாது. பார்க்க வருகிறவர்களிடம், கட்டடத்தை வடிவமைத்த இன்ஜினியர், "இது தானாவே குளிரும்" என்பார். பின்னால் நிற்கும், நாங்கள் 'ஜன்னலக்கா' என்று கூப்பிடும் பணியாளரும் தலையாட்டுவார்.

அக்கா தினக்கூலி. பதினோரு வருடமாகச் சாயங்காலம் அறுபத்திரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்துவிட்டுப் போவார். ராத்திரிக் காற்றில் சுவரெல்லாம் குளிர்ந்துவிடும். காலை ஏழு மணிக்கு வந்து அத்தனையையும் சாத்துவார். நடுப்பகலில் யாராவது காற்றுக்கு ஆசைப்பட்டு ஒன்றைத் திறந்தால், "வெயிலை எதுக்கு உள்ள கூப்பிடுறீங்க?" என்று சாத்திவிடுவார். வீட்டில் கணவர் படுத்த படுக்கை. அக்காவின் கூலியில்தான் உலை கொதித்தது.

புது மேலாளர் வந்தார். "தானா குளிருற கட்டடத்துக்கு ஜன்னல் சாத்த ஒரு ஆளா?" என்று கேட்டு அக்காவை நிறுத்திவிட்டார். அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

பத்தே நாளில் வெந்து போனோம். பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்தோம், வீட்டுக்குப் போகும்போது பொறுப்பாகப் பூட்டினோம். இன்ஜினியர் தெர்மாமீட்டரோடு வந்து சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் ஜன்னலை யார் திறக்கிறா?" என்றார். மேலாளர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் அக்காவை வரவழைத்தார்கள். நான் டைப் செய்த உத்தரவை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தற்காலிகம்னு போட்டிருக்கே சார்?"

"ஆமாம்மா. தேவைப்படுற வரைக்கும்."

"கட்டடம் தற்காலிகமா சார்?"

மேலாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா தாளை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். மணி ஆறு. ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. கடைசியில் மேலாளர் அந்தச் சொல்லை அடித்து, மேலே 'நிரந்தரம்' என்று எழுதி, தாளை என்னிடம் நீட்டினார்.

என் சர்வீஸில் அவ்வளவு வேகமாக நான் டைப் செய்ததில்லை.